முதல் வரிசை

கொரோகாவில் மழை இரண்டு மணிக்கே வந்துவிட்டது.
நியூகினி மலைச்சரிவும் காப்பித் தோட்டமும் மறைந்து
ஆய்வக ஜன்னலில் வெள்ளை மட்டும்.
தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டை
அலுங்காமல் ஏந்தி வருகிறாள் யாலிமே,
குழந்தையை ஆற்றின் அக்கரைக்குத் தூக்கிப்போகிறவள் போல.

குழிகளின் அடியில் ஒட்டியிருப்பது
ஒரு கிருமியின் ஒரே ஒரு புரதம்.
அந்தக் கிருமிக்குச் சட்டைகள் நூறு.
ஒன்றைக் கண்டுபிடித்து ஊசி போட்டால்
இன்னொன்றை மாட்டிக்கொண்டு வரும்.
சட்டைக்குள் இருக்கும் கொக்கி மட்டும் அவ்வளவாய் மாறுவதில்லை;
மூக்கின் ஈரத்தில் அது தொற்றிக்கொள்வது அதனால்தான்.
கொக்கியை உடல் அடையாளம் காணுமா?
மூன்று வருடமாய் இதே கேள்வி.

இங்கே பிள்ளைகளுக்குப் பெயரில்லை, எண் உண்டு.
417 பிறந்தபோது
தாயின் ரத்தம் தந்த எதிர்ப்போடு வந்தது,
இரவல் கம்பளி.
மூன்றாம் மாதம் அது நைந்துவிட்டது.
நான்காம் மாதம், குழியில் வெறும் தண்ணீர் நிறம்.
ஒன்பதில்
யாரும் சொல்லித்தராமல்
எலுமிச்சைத் தோலின் உட்புறம் போல லேசாக ஒரு மஞ்சள்.
நேற்று அதைப் பார்த்ததும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.
இன்று சரிபார்க்க மறுபடி.

412க்கு ஒன்பதாம் மாதக் குப்பி இல்லை.
பட்டியலில் ஒரு கோடு.
ஊர் மாறிப் போயிருக்கலாம்.
அவள் கேட்பதில்லை.
மலையில் அதற்கொரு சொல் உண்டு:
சோட்வின். மூச்சு குட்டையாகிவிடுவது.
அவள் தம்பி கெஹாமோவுக்கு இரண்டு நாள்தான் ஆனது.
ஒரே பாயில் படுத்து, ஒரே அடுப்புப் புகையைக் குடித்து
ஒரே இருமலை இருமியவர்கள்.
ஒருத்தி எழுந்தாள்.

தட்டின் முதல் வரிசை அளவுகோல்:
வளர்ந்தவர்கள் பத்துப் பேரின் ரத்தநீர், கலந்தது.
இவ்வளவு மஞ்சள் என்றால் இவ்வளவு நினைவு என்று
மற்ற எல்லாரையும் அதை வைத்துத்தான் அளப்பார்கள்.
பத்தில் அவளும் ஒருத்தி.
வேலைக்குச் சேர்ந்த வாரம் கையை நீட்டினாள்;
பிஸ்கட்டும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்தார்கள்.

அமிலம் விழுந்ததும் நீலம் மஞ்சளாகிறது.
முதல் வரிசைதான் எப்போதும் அடர்த்தி,
தயக்கமே இல்லை அதற்கு,
முகம் தெரிந்த எவனையோ வாசலில் கண்டதுபோல்.

மின்சாரம் போகிறது.
கொட்டகையில் ஜெனரேட்டர் இருமி, நின்று, இருமிப் பிடிக்கிறது.
கருவி எண்களைத் துப்பும்வரை பொறுக்காமல்
தட்டை ஜன்னல் வெள்ளைக்கு நேரே உயர்த்துகிறாள்.
முதல் வரிசையைத் தாண்டி
417 இருக்கும் குழியை
விரல் வைத்துத் தேடுகிறாள்.