எர்த் அடிக்கிறது

ஏழு மெகாஹெர்ட்ஸில் "கேட்கிறதா?" என்றேன்.
மைக் உதட்டைக் கடித்தது.
மூன்றாம் மாடிப் பரணில், ஜனவரி இரவில், தனியாக
"எர்த் அடிக்குது" என்றேன் சத்தமாக.
அபர்டீனில் யாருக்கும் புரியாத புகார்.

ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டுக் கையை உதறுகிறவர்கள்
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.
எர்த் இல்லாததால் அடிக்கிறது;
பழி எர்த் மேல்.
கோர்ட்டுக்கு வராத சாட்சிக்கே
தண்டனை விதிக்கும் மொழி நம்முடையது.

சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் ஃபெர்கஸ் மட்ச் வந்தார்.
சுவர் பிளக்கில் மீட்டரைச் செருகினார்.
"புள்ளி மூன்று ஓம். உன் எர்த் பிரமாதம்."
உதட்டைக் காட்டினேன்.
மிளகளவு கொப்புளம்.
இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பதுபோல்
மீட்டரையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டும் மெய்.
பச்சையும் மஞ்சளுமாய்க் கோடிட்ட அந்தக் கம்பி
நொடிக்கு ஐம்பது முறை அலைவதற்கு பூமி.
எழுபது லட்சம் முறை அலைவதற்கு
அதுவும் ஒரு ஏரியல், அவ்வளவுதான்.
பரணிலிருந்து தரைக்குப் பத்து மீட்டர்,
நான் பேசும் அலையில் ஏறத்தாழக் கால் பங்கு.
அடிமுனையை மண்ணில் கட்டினால்
மேல்முனை மண்ணை மறந்துவிடும்.
கீழே நிலம்.
அதே கம்பி, மேலே நெருப்பு.

"ஏரியலைக் கீழே இறக்கு. ஒரு தண்டு அடி.
ஆனால் வீட்டு எர்த்தோடு என்னைக் கேட்காமல் சேர்க்காதே.
இந்த வீட்டின் எர்த், தெருவின் நியூட்ரல்.
என்றாவது எங்காவது கேபிள் அறுந்தால்
தெருவிலுள்ள கெட்டில், அடுப்பு அத்தனையும்
உன் தண்டு வழியாக ஊர் திரும்பப் பார்க்கும்."

சரி என்று நாலடிச் செம்புத் தண்டும் சுத்தியலுமாய்
வீடுகளுக்குப் பொதுவான பின்புல்லில் இறங்கினேன்.
ஒன்றரை அடி, மெத்து மெத்தென்று.
பிறகு
ணங்.
தெருவெல்லாம் சுவராய் நிற்கும் அதே கிரானைட்
கீழேயும் குடியிருக்கிறது.
ணங். ணங்.
முதல் மாடி ஜன்னல் திறந்தது. ஊனா ரிடக்.
"யாரையாவது புதைக்கிறாயா?"
"பூமியைத் தேடுகிறேன்."
"அதன் மேல்தான் நிற்கிறாய், பெண்ணே."

அன்று மாலை தண்டைப் பிடுங்கினேன்; அது வளைந்திருந்தது.
படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவன்
படகைப் பின்னால் தள்ளித்தான் தாவுகிறான்.
ஏரியல் கேட்பதும் மண் அல்ல,
காலூன்றித் தள்ள ஏதோ ஒன்று.
விமானத்திலும் ரேடியோ உண்டே,
அதன் பூமி அதன் உடம்பு.
என் பெட்டிக்குள் பச்சைப் பலகையில்
கிரவுண்ட் என்று அச்சிட்ட செம்புப் பரப்பு
ஒரு புழுவைக்கூடக் கண்டதில்லை.
அது சும்மா ஒரு ஒப்பந்தம்:
இதைப் பூஜ்யம் என்போம், மற்றதை இங்கிருந்து அளப்போம்.

பதினாறு கம்பிகளைப் புல்மேல் விரித்தேன்.
பழைய காலிங்பெல் ஒயர். துணி ஹேங்கரை ஒடித்து
ஊசி செய்து குத்தினேன்.
எதுவும் மண்ணுக்குள் போகவில்லை.
ஊனாவிடம் அனுமதி கேட்டேன்,
ஒரு டின் ஏலக்காய் பிஸ்கட் கொடுத்து.
மே மாதத்தில் புல்லே அவற்றை விழுங்கியது.
ஜூனில் ஊனாவின் புல்வெட்டி மூன்றைத் தின்றது.
பதிமூன்றும் போதும்போலிருக்கிறது.

மின்னலுக்கு மட்டும் தனிக் கணக்கு.
வானம் உறுமினால் கேபிளைக் கழற்றி
ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுகிறேன்.
அதனிடம் எந்த அர்த்தத்தையும் விளக்க முடியாது.

நேற்று கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்தது.
தெரு விளக்கு பஞ்சுக்குள் எரிந்தது.
ஃபாரோ தீவிலிருந்து யெக்வன் என்றொருவன்
ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது என்று
தெளிவாய் வந்தான்.
மைக் உதட்டில் பட்டது. வெறும் இரும்பின் குளிர்.

"நல்ல சிக்னல். உன் எர்த் எப்படி?" என்றான்.

எதைக் கேட்கிறான்?
சுவரில் இருப்பதா, பலகையில் இருப்பதா,
புல்லுக்குள் பதிமூன்றாய்ப் படுத்திருப்பதா,
ணங் என்றதா?
பதில் நீளம். அலை மங்கத் தொடங்கியிருந்தது.

"ஈரமாக இருக்கிறது" என்றேன்.