கழிவில்லாமல்

அட்டன் டிக்கோயா வீதியில், பேக்கரிக்கு மேல்
என் தையல் கடை.
ஒரு ஜூக்கி மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி,
தலையில்லாத பொம்மை ஒன்று.
பியகமவில் ஒன்பது வருஷம்
வெள்ளைக்காரிகளின் உள்ளாடைக்கு
இடது கிண்ணம் மட்டும் தைத்தவள் நான்.
வலது, புத்தளத்துக்காரி ஒருத்தியின் வேலை.

மழை நாளில்
கமலேஸ்வரி அக்கா படியேறி வந்தார்.
"கண்டியில எடுத்துட்டாங்க" என்றார்.
எதை என்று சொல்லவில்லை.
நாடா நெஞ்சைச் சுற்றியபோது
இடது பக்கம் அதுவாகவே சரிந்தது.

கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.
முடியற்ற உச்சியில்,
நெற்றிக்கு நாலு விரல் மேலே
காதுக்குக் காது ஒரு பள்ளம்.
இருபத்திரண்டு வருஷக் கூடைக்கயிறு.
டாக்டர் தடவிப் பார்த்து
இது எப்போதிருந்து என்று கேட்டாராம்.
"அது சீக்கு இல்லீங்க, வேலைன்னேன்."
சொல்லிவிட்டுத்
தண்ணீர் கேட்டார். சுடுதண்ணீர்.

பையிலிருந்து விக் வந்தது.
குவைத்தில் வீட்டுவேலை செய்யும் நாத்தனார் அனுப்பியது:
இடுப்பு வரை, செம்பட்டைச் சுருள்.
"இத வச்சிக்கிட்டுப் போனா
முடிதான் மொதல்ல போகுது,
நான் பின்னால போறேன்."
பனி இறங்கினால் நனைந்த நாய் வாசம் வேறு.
உள்வலை பட்டுப் பட்டு
காதோரம் சிவந்திருந்தது.

வெட்டு என்றார். கழுத்தோடு.
வங்கியில் காசு எண்ணும் பிள்ளைக்கு இருக்கே, அப்படி.
"கயித்துக்கு மெத்தையா இருக்கட்டும்னு
பேர் பதிஞ்ச நாளையிலேந்து கொண்டதான்.
இப்ப கயிறு இல்லையே."

வெட்டினேன்.
என் மகனின் பழைய பனியனைக் கிழித்து
உள்வலைக்கு மேல் வைத்துத் தைத்தேன்.
கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பி,
மறுபடி திரும்பி,
பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

சட்டைக்குச் சாம்பல் நிறத் துணி காட்டினேன்.
"பாவம் பாக்குற கலரு."
மாம்பழ மஞ்சளை இழுத்தார்.
முன்பக்கம் திறப்பு, கை தூக்க வராதே, அதற்கு.
தையல் விளிம்பெல்லாம் வெளியே,
தழும்பில் நூல் உரசாமல்.
பார்ப்பவர்கள் புது மோஸ்தர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.
இடது பக்கம் உள்ளே ஒரு பை.

பையை எதால் நிரப்ப?
பஞ்சு வைத்தால் காற்றுக்கு ஏறும்.
தேயிலைத்தூள் என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
"அதச் சொமந்தது பத்தாதா?"
கடுகு என்று முடிவானது.

எவ்வளவு கடுகு?
கீழே போய் பேக்கரித் தராசை இரவல் வாங்கி வந்தேன்,
மாவு தூசியோடு.
கதவைச் சாத்தினேன்.
அவர் மேசையில் குனிந்து
மிச்சமிருந்ததைத் தட்டில் வைத்தார்.
முன்னூற்று இருபது கிராம்.
எங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
தட்டு ஆடி ஆடி முந்நூறுக்கும் நாநூறுக்கும் போய் வந்தது.

அப்புறம் நான் கடுகை அளந்தபோது
அவர் முகம் மாறியது.
கொழுந்து மடுவத்தில் நிற்பதுபோல
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒன்னுன்னு
நிறுவையில எப்பவும் வெட்டுவாங்க.
நீ கழிவு போடாத புள்ள."
போடவில்லை.
ஒரு சிட்டிகை கூடத்தான் போட்டேன்.

காசை எண்ணி வைத்தார். குறைக்கச் சொல்லவில்லை.
மஞ்சள் சட்டை, வங்கிக்காரி முடி,
காலில் அதே ரப்பர் செருப்பு.
பொகவந்தலாவ பஸ்ஸின் மிதிபலகையில் ஏறும்போது
காற்று ஒரு வீச்சு வீசியது.
கை தலைக்குப் போகவில்லை.
பிடிக்க அங்கே இன்னொரு கையும்
சும்மா இருக்கவில்லை: ஒன்றில் குடை, ஒன்றில் பாண்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு.
பியகமவில் அரை அங்குலத்துக்கு மேல் துணி விட்டால்
சூப்பர்வைசர் கத்துவாள்.
அந்த மஞ்சள் சட்டையின் இரு பக்கமும்
ஒன்றரை அங்குலம் மடித்து வைத்திருந்தேன்.

மார்கழி கழிந்து வந்தார்.
கயிற்றுப் பள்ளத்தின் இரு கரையிலும்
எலிக்குஞ்சு மயிர்.
உட்காரவே இல்லை.
"புடிக்குது புள்ள. சோறு எறங்குது இப்ப.
பிரிச்சு விட முடியுமா?"

தையல் பிரிக்கும் கத்தியைத் தேடினேன்.
கண் மங்கியதால்
கொஞ்ச நேரம் ஆனது.