மறுகா

பெறுநர் என்ற கட்டத்தை
இப்போதெல்லாம் காலியாகவே விடுகிறேன்.
எழுதி முடித்து,
இணைப்பைக் கோத்து,
ஒரு மிடறு தண்ணீர் குடித்து
மறுகாதான் பெயர்.
பெயர் இல்லாத கடிதம்
கை தவறினாலும் எங்கும் போகாது.
கட்டையில் நிற்கும் மாடு மாதிரி
கத்தும், அவ்வளவுதான்.

அறிவால் வந்த பழக்கம் இல்லை இது.
களுவாஞ்சிகுடிக் கந்தோரில்
ஒரு மின்விசிறிக்கு இரண்டு மேசை.
ஒன்றில் நான்,
மற்றதில் கணக்காளர், மருதமுனை அஸ்மீர்.
ஒரு செவ்வாய், பகல் பதினொன்றரை,
என் பெற்றோல் பில்லைத் திருப்பியிருந்தார்.
முதல் வரி: "இதை ஏற்க முடியாது."
இரண்டாம் வரிக்கு எனக்குப் பொறுமை இல்லை.
வெல்லாவெளி வெயிலில் ஓடித் திரிந்தது
நானா நீங்களா என்று தொடங்கி
பதினாறு வரி.
விரல் போய் விழுந்த இடம்
'அனைவருக்கும் பதில்'.

கொழும்பில் மூன்று பேர்,
திருகோணமலையில் ஒருவர்,
மின்விசிறிக்கு அந்தப் பக்கம் அவர்.
அவருடைய கணினி டிங் என்றது,
என் காதுக்கே கேட்டது.
வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு முறை வாசித்தார்.
எழுந்து போய்
இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து
ஒன்றை என் பக்கம் வைத்தார்.
ஒரு சொல் இல்லை.

அந்தத் தேநீர் ஆறிய பிறகுதான்
இரண்டாம் வரியை வாசித்தேன்:
"பின்பக்கம் ஸ்கேன் ஆகவில்லை.
அதை அனுப்பினால் இன்றே காசு."

மீளப்பெறும் பொத்தானை அழுத்தினேன்.
'கிருபாஜினி தன் செய்தியை
மீளப்பெற விரும்புகிறார்' என்று
ஐந்து பேருக்கும் இன்னொரு கடிதம் போனது.
முதலில் வாசிக்காமல் விட்டவர்களும்
அப்போது தேடி வாசித்தார்கள்.

அன்றிலிருந்து
எழுதுவது எழுவான்கரையில்,
அனுப்புவது படுவான்கரையில்.
குருமண்வெளித் துறையில் பாதை ஏறி
சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிக்கும் இடையில் நின்று
எழுதியதை வாசிப்பேன்,
என் குரலில் அல்ல,
கிடைக்கப்போகிறவரின் குரலில்.
'ஏற்கெனவே சொன்னதுபோல' என்பது
கரையை விட்டதுமே வாவியில் விழும்.
'தயவுசெய்து கவனிக்கவும்' கொஞ்சம் தாங்கும்;
நடு வாவியில் அதன் பல் தெரியும்,
அதையும் எடுத்துவிடுவேன்.
மண்டூர்க் கரையில் இரும்புப் பலகை இறங்கும்போது
மூன்று வரி மிஞ்சும்.
சில நாள் 'மேற்படி' மட்டும்.

"என்ன புள்ள, தனியப் பேசுறாய்?"
மீன் பெட்டிக்காரர் ஒருநாள் கேட்டார்.
"கடிதம் அண்ண."
"ஆருக்கு?"
"இன்னும் போடல்ல."

ஆனால் மார்கழியில் ஒரு இரவு
பாதை ஓடவில்லை.
குளத்து வான்கதவு விடியுமுன் திறக்குமாம்.
முப்பத்திரண்டு குடும்பம்,
எட்டுக் கைக்குழந்தை,
ஒரு நிறைமாதக்காரி,
கைபேசியில் ஏழு வீதம்.
பெறுநரை முதலில் போட்டேன்.
வணக்கம் இல்லை, தலைப்பு இல்லை,
'குடும்பம்' குடும்மம் ஆகிக் கிடந்தது.
ஒருதரமும் வாசிக்காமல் அழுத்தினேன்.

அரை நிமிடத்தில் அழைப்பு.
"பட்டியலை இணைக்கல்ல நீங்க," என்றார் அஸ்மீர்.
"பரவாயில்ல, பேரைச் சொல்லுங்க.
பேனை கையிலதான் கிடக்கு.
பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு."
சொல்லச் சொல்ல எழுதினார்.
இருபத்தொன்பதாவது பெயரில்
கைபேசி செத்தது.
மிச்ச மூன்று வீடும் என் ஒழுங்கைதான்.
முழங்கால் தண்ணீரில் போய்
நானே கதவைத் தட்டினேன்.

அதற்குப் பிறகும்
பழக்கத்தை நான் மாற்றவில்லை.
பெற்றோல் பில்லுக்கு வாவி வேண்டும்தான்.

வரைவுகளில் ஒன்று கிடக்கிறது,
அந்தப் பதினாறு வரிக்கு மன்னிப்பு.
நாலு வருடமாய்ப் பாதையில் போய் வருகிறது.
ஒவ்வொரு முறையும் ஒரு சொல் குறைத்து,
மறுகா, மறுகா என்று
இப்போது இரண்டே வரி.
பெறுநர் காலி.
அவருடைய மேசை
நாலடி தூரம்.