ஏழாவது கூட்டத்தின் அறிக்கை

தலைப்பு: நிலத்தடி நீர்.
இடம்: மல்லாவி, சங்கக்கடை மேல்மாடி.
மாங்குளத்தில் பஸ்ஸுக்குக் காற்றுப் போனதால்
பேச்சாளர் தர்மிகா வந்துசேர நாலேகால்.

மண்ணுக்குள் மின்சாரம் விட்டால்
ஈரம் ஒருவிதமாய், பாறை ஒருவிதமாய்
தடுக்குமாம்.
நீலமும் சிவப்புமாய்ப் படம் காட்டினார்.
முன்வரிசையில் பேரம்பலத்தார்,
மடியில் தேங்காய்,
இருநூறு கிணற்றுக்கு நிலையம் பார்த்தவர்.
"பிழைச்சது எத்தனை ஐயா?"
"பிழைச்சதை ஆர் பிள்ளை எண்ணுறது?"
மண்டபம் சிரித்தது. தர்மிகாவும்.

பிறகு கேள்வி நேரம்.
பாலிநகர் நவமலர் எழும்பினார்.
"உந்த மெசின்
தண்ணி இல்லாமல் வேற ஏதும் கிடந்தாலும்
காட்டுமோ?"

"கிண்டி மூடின இடம் தெரியும் அம்மா.
உள்ளுக்க என்ன எண்டு தெரியாது."

"இடம் தெரிஞ்சால் காணும்."
இருந்துவிட்டார்.

தேத்தண்ணி ஆறியது.
ஒருவரும் எழும்பவில்லை.
பேரம்பலத்தார் தேங்காயை
கதிரைக்குக் கீழே மெல்ல இறக்கினார்,
நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல.

செயலாளர் நான் எழுதினேன்:
கேள்விகள் பதினொன்று.
பதில்கள் என்று எழுதி
இலக்கம் போடாமல் விட்டேன்.

அடுத்த மாதம்: கிரகணமும் கர்ப்பிணிகளும்.
கதிரை இன்னும் பத்து வேணும்.