பத்துக்கு எத்தனை

அலமாதியில் வெயில் ஏறுவதற்குள்
ஷமீலா தோட்டா ஒன்றை வெட்டிப் பிரித்து
வீட்டுத் தராசில் கொட்டினாள்.
இருபத்துநான்கு கிராம் ஈயம்.
இன்னொன்றில் இருபத்தெட்டு.
மருந்தைத் தனியே, மூச்சுகூட விடாமல்.
இட்லிக்கு உளுந்து அளக்கிறவளின் முகம்.

துப்பாக்கியின் எடை, குண்டின் வேகம்
போட்டால் கணக்கு வந்துவிடுகிறது:
இலேசானது இருபது ஜூல்,
கனத்தது இருபத்தேழு.
பாலிடெக்னிக்கில் இதைத்தான் நடத்துகிறேன்,
செவ்வாயும் வியாழனும், சாப்பாட்டுக்கு அப்புறம்.

"சரி, உன் தோள் என்ன சொல்லுது?"
நோட்டில் பக்கத்துக் கட்டம் காலி.
உதைக்குப் பத்துக்கு மார்க் போடவேண்டும்.

எது என்று காட்டாமல் அவளே போட்டுத் தருகிறாள்.
குரல் கொடுக்கிறேன். தட்டு பறக்கிறது.
உடைந்து ஆரஞ்சுத் தூளானால்
மூன்று என்கிறேன், சமயத்தில் இரண்டு.
முழுசாகப் போய் முள்ளுக்குள் விழுந்தால்
எட்டு.
பிறகு பிரித்துப் பார்த்தால்
எட்டு வாங்கியதில் பாதி இருபத்துநான்கு.
காதடைப்பான் நழுவியபோது அதே தோட்டா ஒன்பது.
கட்டையில் புது ரப்பர் மாட்டியதும் ஐந்து,
ஜூல் அப்படியே இருக்க.
முந்தாநாள் வங்கியிலிருந்து வந்த போனுக்குக்
கட்டம் போடவில்லை.
ஷமீலா கேட்கவுமில்லை.

பத்தொன்பதாவது.
தட்டு ஏறியது. விசையை இழுத்தேன்.
டிக்.
வெடிக்கவில்லை, புகையில்லை.
ஆனால் குழல்முனை தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது,
தோள் பின்னால் போயிருந்தது,
கண் இரண்டையும் இறுக்கி
பல்லைக் கடித்துக்கொண்டு
நான்.

"எத்தனை?" என்றாள்.
"ஆறு" என்று வாய் சொல்லிவிட்டது.

எடுத்துக் காட்டினாள்: மருந்தில்லாத வெறுங்கூடு.
நேற்று ராத்திரியே செய்துவைத்தாளாம்.
சிரித்தாள். அடுத்த மேடையில் நின்ற
போலீஸ் குவார்ட்டர்ஸ் பையன்களும்.
பேனாவை வாங்கி
முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்,
அடுத்ததில் ஆறு.
"அதை அடிச்சிடு" என்றாள்.
அடிக்கவில்லை. வலித்தது ஷமீலா,
நிஜமாகவே வலித்தது.

செங்குன்றம்வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ்.
பையை இடது தோளுக்கு மாற்றினேன்.
வலதில் நாவற்பழ நிறம் ஏற
இன்னும் இரண்டு நாள் ஆகும்.
மாதவரம் ரவுண்டானா நெரிசலில்
பைக்குள் போன் அதிர்ந்தது. அதே நம்பர்.

ஏழு.
இல்லை, எட்டு.