இருகாலி – 1

சிம்மக்கல் பழைய இரும்புக் கடை.
எடை ஐந்தே முக்கால் கிலோ.
பின்னங்கால் இல்லை. ஒரே குழாய்
தரையில் படுத்து, முழங்காலாய் மடங்கி,
முதுகாய் எழும்பி நிற்கிறது.

பசுமலை மில்லில்
இயந்திரப் படம் வரைந்துகொண்டிருந்த பாக்கியநாதன்
அறுபத்துமூன்றில் வளைத்தது.
ஸ்டோர் பதிவேட்டில் ஏற்ற மறுத்தவர் என் அப்பா:
"நாற்காலின்னா நாலு கால் வேணுமே சார்."
"மிச்ச ரெண்டும் உட்கார்றவரோடது."
அப்பா உட்கார்ந்தார்.
லேசாக ஆடியதும் பதறி எழுந்தார்,
மறுபடி உட்கார்ந்தார்,
'இருகாலி – 1' என்று எழுதிக்
கையெழுத்திட்டார்.

கவிழ்த்துப் பார்க்கிறேன்.
நசுங்காமல் வளைவதற்காக அன்று அடைத்த வைகை மணல்
மூடி உடைந்த முனையிலிருந்து
அரைக் கைப்பிடி கொட்டுகிறது.
கடைக்காரர் தராசை மீண்டும் இழுக்கிறார்.
"மணலுக்குக் காசு வேணாம்ணே."