முறிமுகம்

ஐஸ் அரைக்கிற மெசினின் தண்டை
உரப்பையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி
குருநகரிலிருந்து ஸ்ரான்லி வீதிக்குக் கொண்டுவந்தாள்
பெனடிக்ரா.
இரண்டு துண்டு.
மேசையில் விழுந்த சத்தத்தில் லேத்தை நிறுத்தினேன்.

"முந்திக் கிடந்த சந்தைச் சாமான்
ஒன்பது மாசம் ஓடினது.
நீங்கள் செய்தது நாலு."

முதலில் இரும்பைத்தான் குற்றம் சொன்னேன்.
அது வாய் திறக்காது.

தெற்கே ஏதோ உலையில் பிறந்த கம்பி.
லொறி அச்சு, கப்பல் தகடு, தையல் மெசின் கால்
எல்லாம் ஒரே குழம்பாகி,
நூறில் அரைப்பங்கும் வராத கரியோடு
கட்டையாய் உறைந்து, மறுபடி சிவந்து,
உருளைகளுக்கிடையே நெரிந்து ஓடியிருக்கும்,
பள்ளத்துக்குப் பள்ளம் மெலிந்து, நீண்டு,
கருஞ்செதில் உதிர்த்து.
பிறகு ஆறுகிற மேடையில்
நூறு கம்பிகளோடு கிடந்து
விறைக்க விறைக்க முனகியிருக்கும்.
நான் பார்த்ததில்லை.
என் வாசலுக்கு வருவது
இருபதடி நீளம், பழுப்புத் தோல்,
நுனியில் நீலப் பூச்சு.

அவள் முன்னாலேயே கிரைண்டரில் பிடித்தேன்.
பொறி கிளைத்தது,
கிளையிலிருந்து இன்னொரு கிளை,
அதன் நுனியில் ஒரு சின்ன வெடி.
சரியான கரி.
இரும்பு தப்பிவிட்டது.
மிச்சம் நான்தான்.

அவள் முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"உதென்ன உது,
தண்ணி வத்தின கரை மாதிரி
கோடு கோடாக் கிடக்கு?"

கரைக்காரி. அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.
ஒன்றுக்குள் ஒன்றாய் வளைந்த கோடுகள்.
ஞாயிறு பூசைக்கு மெசின் நின்ற இடம் ஒன்று.
கரண்ட் போன இரவு ஒன்று.
புயல் எச்சரிக்கையில் வள்ளம் இறங்காத மூன்று நாள்
கொஞ்சம் தடிப்பாய்.
வெடிப்பு நின்று நின்று நடந்திருக்கிறது,
அவசரமே இல்லாமல்.
ஓரத்துக் கால்வாசி மட்டும் கரடு:
அது கடைசி நாள்.

எல்லாக் கோடும் ஒரு புள்ளியிலிருந்து.
பருத்த தண்டு மெலிகிற மூலை.
சதுரமாய் வெட்டியிருந்தேன்.

எண்ணெயில் தோய்த்தேன், சரியாக.
திரும்பச் சூடாக்கி
நீலம் வந்து போகும்வரை பொறுத்திருந்தேன், சரியாக.
அந்த மூலையை உருட்டிவிட
ஐந்து நிமிசம்.
ஐந்து மணிக்குக் கரண்ட் வெட்டு.

"என்ர பிழை," என்றேன்.
"எனக்கு மூண்டு வள்ளத்து மீன்," என்றாள்.

நீல நுனிக் கம்பி இன்னொன்றை எடுத்து
ஒன்றரை முழம் அறுத்தேன்.
பழுப்புத் தோல் சுருள் சுருளாய் விழ
உள்ளே வெள்ளி தெரிந்தது.
அவள் போகவில்லை,
ஓட்டோக்காரனை அனுப்பிவிட்டு ஸ்டூலில் இருந்தாள்.

மூலைக்கு வந்ததும் உளியை மாற்றினேன்,
மூக்கு மழுங்கினதாய்.
சூளைக்கு வைக்குமுன்
தண்டை வாங்கித் தன் சுண்டுவிரல் நகத்தால்
பருமனிலிருந்து மெலிவுக்கு இழுத்தாள்.
மெலிவிலிருந்து பருமனுக்கு.
நகம் எங்கும் தட்டவில்லை.

"சரி," என்றாள்.
"அரைக் காசுதான் தருவன்."